கோடையில் ஒரு நாயனப் பயிற்சி

இசைப்பள்ளியில் நாகஸ்வரம், அதாவது நாயனம், படித்து முடித்தவரிடம் வர்ணமும் கீர்த்தனையும் கைவசம் இருக்கும். ஆனால் முகூர்த்த நாளில் ஒரு நாயன-தவில் குழுவில் (செட் என்போம்) உட்கார்ந்து வாசிக்க அது மட்டும் போதாது. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பெரியவர் பள்ளி விடுமுறையில் நடத்தும் பயிற்சியில் போன மே மாதம் நான் சேர்ந்தது அதனால்தான். நாயனம், தவில் இரண்டுக்கும் பையன்களும் பெண்களும் வந்திருந்தார்கள். பெரியவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

சேரும்போது தோடி கொஞ்சம் வாசிக்கச் சொன்னார், என் நாயனத்தின் சுருதி என்ன கட்டை என்று கேட்டார், அவ்வளவுதான். என்னுடையது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த பாரி, அதாவது நீளமான நாயனம், இரண்டரைக் கட்டை.

விடிவதற்கு முன்பே சாதகம் தொடங்கிவிடும். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12 என்பதால் மே மாதம் காவிரி ஆறு வெறும் மணல்தான். அங்கே நின்று ஊதுவோம். அறைக்குள் சுவர் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். வெட்டவெளியில் மூச்சு தளர்ந்தால் சுருதி இறங்குவது பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் கேட்கும். துத்துக்காரம், அதாவது நாவால் தட்டி ஊதுவது, சுத்தமாக வரும்வரை ராகத்துக்குப் போகவே விடமாட்டார். வெயில் ஏறினால் வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்து சத்தம் மாறும். திருவாவடுதுறையில் வாங்கிய சீவாளிகளை மாற்றி மாற்றி ஊதி, எது எந்த நேரத்துக்கு ஒத்துவரும் என்று பழகிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் தவிலோடு சேர்ந்து வாசிப்பு. எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ராகத்தில் நன்றாக மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து ஐயா கையை உயர்த்துவார். அந்த நொடியே எல்லோரும் கெட்டிமேளத்துக்குப் போயாக வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிறகு கையை இறக்குவார், விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். “ராகம் ஒன்னோடது தம்பி, நேரம் கல்யாண வீட்டோடது. கண்ணை மூடிக்கிட்டு வாசிக்காதே” என்பார். கண்ணை மூடி வாசிப்பவர்களைக் கேட்டே வளர்ந்த எனக்கு அது முதலில் கசந்தது. முகூர்த்த மேடையில் சாஸ்திரிகளின் கை, தவில்காரரின் முகம், பெண் வீட்டார் நடமாட்டம் மூன்றையும் பார்த்தபடி ஆலாபனை செய்வது தனி வித்தை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

கோயில் முறையையும் விடவில்லை. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற பாடலில்லாத வாசிப்பு, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத் தீர்த்தத்துக்குத் தீர்த்த மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். எதற்கு எது என்பதைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்ல வேண்டும். கடைசி வாரம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இரவு வீதியுலாவுக்கு எங்களை அனுப்பினார். மல்லாரியை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். பல்லக்கு நின்றால் நிற்கணும், நகர்ந்தால் நகரணும். தேர்வு என்று தனியாக ஏதும் கிடையாது, அந்த இரவுதான் தேர்வு.

தொழில் பேச்சு சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. ஆடியில் அம்மன் கோயில்கள், மார்கழியில் விடியற்காலைப் பூஜை என்று வருமானத்துக்கு முன்கூட்டியே வழி பார்க்கணும். அட்வான்ஸ் வாங்கிய தேதியை இன்னொரு செட்டுக்காக விடக் கூடாது. சினிமாப் பாட்டு கேட்டால் வாசிக்கலாம், ஆனால் தாலி கட்டும் நேரத்துக்கு முன்னும் பின்னும் வேண்டாம் என்பது ஐயாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

பயிற்சிக்கு வந்திருந்த தவில்கார அண்ணன் ஒருவர் ஆனி முகூர்த்தங்களுக்குத் தன் செட்டில் இரண்டாவது நாயனமாகச் சேர்த்துக்கொண்டார். இன்னும் அவரோடுதான் போகிறேன். அடுத்து ஆகாசவாணி வானொலியின் ‘பி’ கிரேடு கலைஞர் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கான ராகப் பட்டியலை ஐயாவிடம் காட்டினேன். பாதியை அடித்துவிட்டு, மீதியை ஆற்று மணலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.