'அக்கா' விலகிய அத்தியாயம்

யாழ்ப்பாணத்துச் சிறிய அச்சகமொன்றில் மெய்ப்புப் பார்க்கும் எனக்கு வருபவை பெரும்பாலும் இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டு நூல்களும் கோயில் மலர்களும்தான். அவற்றுக்கு நடுவே, வீட்டோடு சேர்ந்த சிறு வெதுப்பகத்தில் பாண் போடும் இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் குறுநாவல் ஒன்று வந்தது. எழுதியவர் பெண், புனைபெயரிலேயே வெளியிட விரும்பினார்.

சித்திரை மாத இரவொன்றில், ஈஸ்ட் சேர்த்துக் குழைத்த மா விடியும்வரை பொங்கிக்கொண்டிருக்க, இருவரும் கதைத்துக்கொண்டிருப்பதாக ஓர் அத்தியாயம் இருந்தது. எங்கள் வெக்கையில் அது சரிவராது என்று எனக்குப் பட்டதால், விறகுப் போறணை உள்ள வெதுப்பகம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த வயதான ஐயா பொங்கிய மாவில் விரலை அழுத்தி எடுத்தார். குழி மெல்ல எழும்பிப் பாதியில் நின்றது. "இப்ப வெட்டி அச்சில போடவேணும், பிள்ளை. விடியுமட்டும் விட்டால் புளிச்சு அமுங்கிப்போம்" என்றார். அதைச் சொன்னதும் எழுத்தாளர் அந்த ஒரு நீண்ட இரவை நீக்கிவிட்டு, ஒவ்வோர் இரவும் மா பொங்கக் காத்திருக்கும் ஒரு மணித்தியாலமாக அதைப் பிரித்து எழுதினார். காதல் அப்போதுதான் எனக்கு நம்பும்படி ஆனது. வேலைக்கு இடையே கிடைக்கும் ஓய்வில், கையில் மா காயும் நேரத்தில், அவர்கள் கொஞ்சங் கொஞ்சமாக நெருங்கினார்கள்.

'தோழிகள்' என்று மாற்றிவிட்டால் தொல்லையில்லை என்று எனக்கு வேண்டியவர் ஒருவர் சொன்னார். அவருடைய அச்சம் புரியாமல் இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்னர் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 'ஆண்' என்ற சொல் எடுக்கப்பட்டபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள். அதை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனாலும் எழுதியவர் உணர்ந்து எழுதிய உறவை வேறு பெயரால் மூடுவதற்கு நான் உடன்படவில்லை, இன்றும் உடன்படமாட்டேன்.

என்னை அதிகம் உழைக்கவைத்தது விளிப்புத்தான். இளையவள் மூத்தவளை முதலில் 'அக்கா' என்றும் 'நீங்கள்' என்றும் அழைக்கிறாள். எங்கள் ஊரில் வேறு எப்படி அழைப்பது? ஐந்தாம் அத்தியாயத்தில், போறணையிலிருந்து எடுத்த முதற் பாணைப் பிய்த்து, ஆவி பறக்க நீட்டி, "நீர் முதல்ல சாப்பிடும்" என்கிறாள். அதற்கு முன்பே 'அக்கா' ஓசையில்லாமல் கழன்றுவிட்டிருந்தது. மணமுடித்தவர்கள் தமக்குள் பேசும் அந்த 'நீர்', அவள் வாயில் அன்றுதான் முதன்முதலாக வருகிறது. தட்டச்சுச் செய்த தம்பி, பிழையென்று எண்ணி அதை "நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ" என்று திருத்தியிருந்தார். நான் அதை வெட்டி, பழைய சொற்களை எழுதி, ஓரத்தில் 'மூலத்தில் உள்ளபடி' என்று சிவப்பு மையால் குறித்து அனுப்பினேன்.