பக்கத்து வீட்டு சிகரெட், நம் வீட்டுப் புகை

"ஜன்னலைச் சாத்திக்கோங்க, சரியாயிடும்" என்று சொல்லாத ஆளே இல்லை. சாத்தியாச்சு. படுக்கையறையில் சிகரெட் வாடை அப்படியேதான் இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் பார்க்கத்தான் கெட்டி. சிங்குக்கு அடியில் பைப் நுழையும் ஓட்டை, ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் ஒயர் ஓடும் குழாய், குளியலறைகளுக்குப் பொதுவான காற்றுப் போக்கி, வாசல் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளி என்று காற்று போய்வர ஏகப்பட்ட வழி. ஆகவே சண்டைக்குப் போவதற்கு முன்னால் புகை எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர் கையில் இருக்கும் முதல் வேலை அதுதான்.

வாடை வந்ததும் எல்லோரும் எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான் போடுவார்கள். அது நம் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும், சரி. வெளியே போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே? ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் அது நடைவழியிலிருந்தும் பக்கத்து வீட்டு ஓட்டைகளிலிருந்தும்தான் வரும், அதாவது காசு கொடுத்து கரண்ட் எரித்துப் புகையை நாமே உள்ளே இழுத்துக்கொள்கிறோம். புகை வராத பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேனைப் போட்டால்தான் பலன். வெளியே குளிராகவும் கட்டடத்துக்குள் சூடாகவும் இருக்கும் நாட்களில் சூடான காற்று மேலே ஏறுவதால், கீழ் வீட்டில் பிடிப்பது மேல் வீட்டில் வந்து நிற்கும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். (புகையைப் பிடிக்கப் புகையா என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.) சுவர் ஓரம், சிங்குக்கு அடியில், ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தப் புகை எங்கே வீட்டுக்குள் தள்ளப்படுகிறதோ அங்கேதான் வழி. பைப்பைச் சுற்றி சிலிகான், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இதற்கெல்லாம் தடை சொல்ல மாட்டார். ஆனால் கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருக்கும் இடத்தில் காற்றுக்காக விட்டிருக்கும் திறப்பை மட்டும் அடைக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்றால், பாதிதான் வேலை செய்யும். அதில் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் (கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பிடிக்கும் வடிகட்டி) 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் வாடையாக வருவது பெரும்பாலும் வாயு, அது ஹெப்பாவுக்குள் புகுந்து போய்விடும். அதற்குக் கனமான கார்பன் ஃபில்டர் வேண்டும், அதுவும் நிரம்பிவிட்டால் சும்மாதான்.

"வெறும் வாடைதானே, இதுக்குப் போய் இவ்வளவா" என்பவர்களுக்கு: சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. அடுத்தவர் விடும் புகையில் 'இவ்வளவுவரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்று அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. ஆஸ்துமா இருக்கும் குழந்தை உள்ள வீட்டில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுதான் கஷ்டமான பகுதி. புகை வரும் நேரத்தில், கோபத்தோடு போய்க் கதவைத் தட்டினால் அவருக்கு நம் கோபம்தான் நினைவில் நிற்கும். நான் சாதாரணமாக ஒரு காலையில் சொன்னேன், "சார், நீங்க பிடிக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை, அது எங்க ரூமுக்கு வருது, அவ்வளவுதான்." அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். வீட்டில் குழந்தைகள் இருப்பதால்தான் பாத்ரூமில் ஃபேன் போட்டுப் பிடிக்கிறாராம்! தன் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான் பொதுக் காற்றுப் போக்கி வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, இடத்தை மாற்றுங்கள் என்றேன். இப்போது பெரும்பாலும் கீழே இறங்கிப் போகிறார். மழை பெய்தால் பழைய கதைதான்.

அவர் ஒத்துவராவிட்டால் ஓனர், அப்புறம் அசோசியேஷன். வாடையைப் போட்டோ எடுக்க முடியாது, அதனால் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை என்று குறித்துவைத்து எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது அன்றோடு போய்விடும். "அவர் வீட்டுக்குள்ள அவர் பிடிக்கிறார், நான் என்ன செய்ய" என்ற பதில் நிச்சயம் வரும். பொது இடங்களில் புகைக்கத் தடை போடும் சட்டங்கள் பல வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள்ளும் விதி போட முடியும். அமெரிக்காவில் அரசு வாடகைக் குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளும், கட்டடத்திலிருந்து 25 அடி வரையிலும் புகைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. ஓனரிடம் பேசும்போது உடல்நலத்தைவிட, மஞ்சள் பூத்த சுவருக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவையும் தீ விபத்தையும் சொல்லிப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார்.

எதுவும் நடக்காமல் வேறு வீடு பார்க்க வேண்டி வந்தால் பகலில் போய்ப் பார்க்காதீர்கள், எல்லோரும் வேலை முடிந்து திரும்பிய பிறகு இரவில் போங்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள், சிங்குக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். புரோக்கர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.