தோல் வாஷர்

நம் பள்ளி அடிபம்புக்கு இரண்டு சத்தம் உண்டு. தண்ணீர் ஏறி வந்தால் கடக், கடக் என்று கனமாகக் கேட்கும். உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் கைப்பிடி லேசாகிவிடும். சங்கிலி மட்டும் சலசலக்கும். 1983-ல் என்னோடு எட்டாவது படித்த யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லிவிடுவார்கள். வேப்பமரத்துக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவில் நின்ற அந்தப் பம்பில் ஒருவன் தொங்கி அடிக்க, இன்னொருவன் குனிந்து குடிக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூடத் தாகம் எடுத்தால் ராசியாகிவிடுவோம்.

அன்னூர், அவிநாசிப் பக்கத்துக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லப்போகிறேன்? பாறை பூமி. அப்பாரு காலத்தில் வெடி வைத்து இறக்கிய கிணறெல்லாம் சித்திரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அத்திக்கடவுத் தண்ணீர் வருகிறது, வருகிறது என்று கேட்டே வளர்ந்தோம். பவானி ஆற்று உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024-ல், எனக்கு 54 வயதானபோது. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது போர் போட்டு நிறுத்திய அடிபம்புதான்.

அந்தப் பம்பு பிறந்ததில் வெளிநாட்டு உதவிக்கும் பங்கு உண்டு. அதற்கு முன்பே அந்த உதவியை நாங்கள் தின்று பார்த்திருந்தோம். ஆரம்பப் பள்ளியில் மதியம் மஞ்சள் மாவு உப்புமா, சில நாள் பால்பவுடர் கரைத்த பால். கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அறுபதுகளிலிருந்து நம் மாநிலத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்து வந்த சரக்கு அது. சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். காலிச் சாக்கு ஒன்றை வாங்கி வந்து, வெளுத்து, என் ஆத்தா தலையணை உறை தைத்தார். துவைக்கத் துவைக்கச் சாயம் போனாலும் அந்தக் கைகள் மட்டும் போகவில்லை. அதன் மேல்தான் பல வருஷம் தலை வைத்துப் படுத்தேன். வயிறு நிறைந்தது, அதை மறந்தால் நான் மனுஷனில்லை. ஆனால் மூட்டை வராத வாரம் அடுப்பும் எரியாது.

பம்பின் கதை வேறு. முதலில் வந்த வார்ப்பிரும்புப் பம்புகள், வெளிநாட்டில் ஒரு வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் நாளைக்குப் பத்து வாளி அடிக்கும் கணக்கில் செய்தவை. நம் ஊரிலோ விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை ஊரே அடிக்கும். தாங்குமா? எழுபதுகளின் நடுவில் யுனிசெஃப் போய்ப் பார்த்தபோது முக்கால்வாசிப் பம்புகள் ஓடாமல் நின்றிருந்தன. அந்த நேரத்தில் மகாராஷ்டிரத்தில், ஜால்னா, சோலாப்பூர் மிஷன் பணிமனைகளில் செய்த இரும்புப் பம்புகள் மட்டும் அசராமல் ஓடிக்கொண்டிருந்தன. சோலாப்பூர் மாடலை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப்பும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையும் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கின. இந்தியா மார்க் 2 என்று பெயர். முதல் மாதிரிகளை எங்கே இறக்கிச் சோதித்தார்கள் தெரியுமா? நம் கோவை வட்டாரத்தில், 1976-77-ல். இங்கே தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது. இந்தப் பாறையில் தாங்கினால் எங்கேயும் தாங்கும். ஊருக்கே மோட்டார் செய்து அனுப்பும் கோயமுத்தூருக்கு அடிபம்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

சரி, நல்ல பம்பு வந்துவிட்டது. ரிப்பேர் ஆனால்? நம் பள்ளிப் பம்பு ஒரு கோடையில் ஐந்து வாரம் படுத்துவிட்டது. கடைசியில் ஒரு வேன் வந்தது. நாலைந்து ஆட்கள், முக்காலி, கப்பி, சங்கிலிச் சாவி. கணக்குப் பீரியடை விட்டுவிட்டு வகுப்பே ஜன்னலில் தொங்கியது. பத்தடிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கழற்றி, வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். கடைசிக் குழாயோடு சிலிண்டர் வந்தது. அதைப் பிரித்து மேஸ்திரி வெளியே எடுத்துப் போட்டது உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் வாஷர். கிண்ணம் போல நிற்க வேண்டிய விளிம்பு முழுக்கத் தேய்ந்து, ஊறிப்போன செருப்பு போல நாறியது. அவ்வளவுதான் கோளாறு. ஐந்து வாரம் சத்துணவு ஆயா அரை மைல் நடந்து குடம் சுமந்தது இதற்காகத்தான். அந்த வாஷரைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் செமத்தியாக வாங்கினேன், நாற்றத்துக்கு.

பெரியவனான பிறகுதான் தெரிந்தது, அதே 1983-ல் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் யுனிசெஃப்பும் வாரியமும் கோவைப் பகுதியில் இன்னொரு சோதனையைத் தொடங்கியிருந்தன என்று. எது எத்தனை நாளில் தேய்கிறது, கழற்ற எத்தனை ஆள் வேண்டும் என்றெல்லாம் வருஷக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார்கள். அதிலிருந்து பிறந்தது மார்க் 3. குழாயை இரண்டரை அங்குலமாக்கினார்கள். குழாய் தரைக்குள்ளேயே இருக்க, உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே இழுத்துவிடலாம். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர். வேன் வேண்டாம், சைக்கிளில் வரும் மெக்கானிக்கும் கூட ஒரு கையாளும் போதும். இந்த வடிவங்களுக்குக் காப்புரிமை வைக்காமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. என்னைக் கேட்டால், மாவு மூட்டையைவிடப் பெரிய தர்மம் இதுதான்.

அப்புறம் நூற்பாலை வேலை என்னை உகாண்டாவில் ஜின்ஜாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்த்தவரின் ஊருக்கு, கமுலிப் பக்கம் போயிருந்தோம். மாமரத்தடியில் மஞ்சள் ஜெர்ரிகேன்கள் வரிசையில் நின்றன, நம் ஊரில் குடங்கள் நிற்பது போலவே. கடக், கடக். பார்க்காமலே தெரிந்துவிட்டது. அங்கே அதற்கு யு2 என்று பெயர். நம் மார்க் 2-தான். மார்க் 3-க்கு யு3.

அந்த ஊர்ப் பம்பைப் பார்த்துக்கொள்வது ஒரு நடுத்தர வயதுப் பெண். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்துப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவருடைய கவலை வாஷர் இல்லை, குழாய். தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் துத்தநாகப் பூச்சு நிற்பதில்லை. துரு பிடித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து, கடைசியில் குழாயே ஓட்டையாகிவிடும். கோவைப் பாறையில் ஜெயித்த குழாய் அங்கே தோற்றது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓடவில்லை என்று 2009 வாக்கில் ஒரு கணக்கு வந்தது. கொடுத்தவர்கள் பெயர்ப் பலகை பல இடங்களில் பம்பைவிட நன்றாகவே நிற்கிறது. நான் சின்ன வயதில் பம்பு அடித்திருக்கிறேன் என்றதும் அந்த அம்மா நம்பவில்லை. கைப்பிடியைக் கொடுத்து ஒரு கேன் நிரப்பச் சொன்னார். இருபது லிட்டர் நிரம்புவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, பிள்ளைகள் சிரித்தார்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர் சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில், பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல யோசனை, ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்த் தண்ணீரைப் பிள்ளைகள் அப்படியே குடிக்க முடியாது. இயந்திரத்துக்குப் பணம் பத்து நிமிஷத்தில் சேர்ந்துவிட்டது, லண்டனும் சிங்கப்பூரும் போட்டி போட்டார்கள். வடிகட்டியும் மெம்பிரேனும் மாற்ற வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், யார் மாற்றுவார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள்.

பத்து வருஷத்து வடிகட்டிச் செலவு என் கணக்கில். கல்வெட்டில் பெயரை எப்படிப் போடுவது என்று பொருளாளர் தம்பி இரண்டு முறை போன் செய்துவிட்டார். கல்வெட்டு வேண்டாம் தம்பி, சத்துணவுக் கூடத்தில் இப்போது இருக்கும் ஆயாவின் போன் நம்பரை வாங்கிக் கொடுங்கள், தண்ணீர் வராவிட்டால் முதலில் தெரிவது அவருக்குத்தான் என்றேன். இன்னும் நம்பர் வரவில்லை.