பால் ஊற்றலாமா என்று கேட்டார்கள்

"இன்னா சிஸ்டர், பால் ஊத்தலாமா?" என்று வீடியோ காலில் கேட்டது, வீட்டில் கடைசி நேரத்தில் கிடந்த பெரியவரின் அக்கா. "வேணாம்மா, புரை ஏறிடும்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் மனசு விடமாட்டேன் என்கிறது.

மருத்துவப்படி நான் சொன்னது சரி. உணவுக்குழாயில் புற்று, எச்சில்கூட இறங்கவில்லை, நினைவு பாதிக்குப் பாதி. அந்த நிலையில் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும். இருமவும் தெம்பில்லாத மனிதர் திணறுவதைச் சொந்தபந்தம் சுற்றி நின்று பார்க்க வேண்டியிருக்கும். பஞ்சை நனைத்து உதட்டில் தடவுங்கள் என்றும் சொன்னேன். சொன்னேனா, சொல்ல வாயெடுக்கும்போதே லைன் போய்விட்டதா என்பது இப்போது குழப்பமாக இருக்கிறது. ஒடுகத்தூர் தாண்டினால் சிக்னல் அப்படி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மூக்கு டியூப் வழியாகக் கஞ்சியும் பாலும் மாதக்கணக்கில் கொடுத்துப் பழகிய வீடு அது. அந்த அக்கா கேட்டது இந்தப் பாலை இல்லை. நேரம் வந்துவிட்டதா, ஆட்களுக்குச் சொல்லி அனுப்பலாமா என்பதைத்தான் எங்கள் ஊரில் இப்படிக் கேட்பார்கள். எனக்கும் தெரியும், நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். நான் வேண்டாம் என்றதும், இன்னும் நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஓசூரில் இருக்கும் சின்ன மகனைக் காலையில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். விடிவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

நேரம் நெருங்கிவிட்டதை நான் சொல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிப்படி, போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்தை வீடியோ காலில் பார்த்து எழுதித் தர முடியாது. அதனால் வலி மருந்தான மார்ஃபினுக்கு யாராவது நேரில் வந்தாக வேண்டும். முந்தின நாள் பெரிய மகன் வந்திருந்தார். உட்காரவைத்துச் சொன்னேன்: "நாள் கணக்குதாண்ணா, மணிக்கணக்காகவும் இருக்கலாம். தம்பியை வரச் சொல்லிடுங்க." தலையை ஆட்டினார். அம்மா தாங்கமாட்டார் என்று வீட்டில் மூச்சு விடவில்லை போலிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அன்று போனைப் பிடித்திருந்தது பேத்தி. வயிற்றுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி நாட்களில் மூச்சு வேகமாக ஏறி, அடங்கி, கொஞ்ச நேரம் நின்றே போய், மறுபடி தொடங்கும். திரையில் அதிலும் ஒரு தொல்லை உண்டு. நின்றது மூச்சா, உறைந்தது வீடியோவா என்று தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்து டேபிள் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துத்தான் முடிவுசெய்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் தோலின் நிறத்தையும் நம்ப முடியாது. கால் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி வந்தது, படத்தில் இல்லாத ஒரு குரலாக. நேரில் போயிருந்தால் அந்த அக்கா முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த நேரத்துக்கு எங்கள் வண்டி அந்தப் பக்கம் போகவே போகாது. போன் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அன்று நானும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு பார்க்கப் போனோம். மகன்கள் மரியாதையாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். அக்காதான், "பால்கூட ஊத்தாம அனுப்பிட்டோம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சிஸ்டர் வேண்டாம் என்றதால் ஒருவரும் ஊற்றவில்லையாம். டாக்டரிடம் சொன்னேன், நீங்கள் சொன்னது சரிதான் என்றார். சரிதான், அது தெரியாமலா?

இப்போதெல்லாம் யாராவது பாலைப் பற்றி எடுத்தால், "யார் யார் வரணும்மா? இப்பவே வரச் சொல்லிடுங்க" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டதும் மருமகன் பயந்துபோய் 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். அங்கே படுத்திருந்த அம்மா ஆஸ்பத்திரி வார்டில் இறந்துபோனார். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னவர் அவர். எங்கள் ஃபைலில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.