கிதாரில் ஒரு மயில்

“பெரியப்பா, தும்மிராதீங்க, பறந்துரும்!”

மேசைமேல் கிடந்தது நகத்துண்டு அளவு சிப்பித் தகடு. தெற்கு பர்மாவின் மெர்குயி தீவுகள் பக்கத்து முத்துச்சிப்பி ஓடு. தம்பி மகன் முகமூடி போட்டுக்கொண்டு (அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது) நகை வேலை செய்கிறவர்களின் மெல்லிய ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். மயில் தோகையில் ஒரே ஒரு கண். சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ரோஜா நிறம்.

கிதாரின் தலைப்பக்கம், முறுக்காணிகளுக்கு நடுவே, படோக் மரத் தகட்டில் குழி தோண்டிப் பதிக்கிறான். சந்தில் பிசினும் மரத்தூளும்.

“முன்பலகையில பெரிசா வைக்கலாமேடா?”

மாட்டானாம். அது மூணு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, அதிர்ந்தால்தான் சத்தம். மேலே ஒட்டுகிற பாரம் அதிர்வைத் தின்றுவிடும். துளையைச் சுற்றிப் பதித்த வளையம்கூட வெறும் அழகுக்கில்லை, பலகை நார்வாக்கில் பிளக்காமல் பிடிக்கிறது என்றான்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். “இது முருகன் மயிலா, பழைய பர்மா ராஜா கொடியில இருந்த மயிலா?”

“ரெண்டும்தான் அப்பாயி.”

தலையே நிமிரவில்லை. கோயிலில் தேவாரம், தெருவில் பர்மியப் பாட்டு என்று வளர்ந்தவன். நீ எந்தப் பக்கம் என்று யாங்கூனில் யாராவது கேட்டால் நான் இன்னும் மென்று முழுங்குகிறேன்.

அடுத்து, கம்பியைப் பிடிக்கும் ஆறு முளைகளையும் எருமைக் கொம்பில் செய்யப் போகிறானாம். கொம்பு ராவுகிற நாற்றத்துக்கு அம்மா இப்போதே சண்டையை ஆரம்பித்தாயிற்று.