அம்மாவின் பெயரில் ஒரு காணி

பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினால் முரசுமோட்டை வரை இரு பக்கமும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்கள். அப்புறம் மேட்டுக் காணி. கச்சானும் உழுந்தும் தொடங்கிவிடும். தருமபுரம் அந்தப் பக்கம். அம்மா வளர்ந்த ஊர். பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். 1977 கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். தாத்தாவும் அம்மாயியும் பிள்ளைகளோடு வன்னிக்கு வந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்த சனம். கொழுந்து பறிக்கத் தெரியும், காடு வெட்டத் தெரியாது. வெட்டினார்கள். கிணறு தோண்டியபோது மண்கூடை இழுத்தது தான்தான் என்று அம்மா கடைசிவரை சொல்வார். மாமா அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை ஓட்டப் பழகி, அயலவர் காணியையும் கூலிக்கு உழுதார். ஊர் ஒருவிதமாகப் பேசியது. பேசியவர்களே முதல் மழை விழுந்ததும் எங்கள் படலையில் வந்து நின்றார்கள்.

அரச காணி அனுமதிப்பத்திரத்தில் வாரிசை எழுதிவைக்காவிட்டால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிள்ளைகளில் மகன்மாருக்கே முதலிடம் இருந்தது. நீண்ட காலம் அதுதான் நடைமுறை. அரச காணி வழங்கக் கூட்டும் காணிக் கச்சேரியில் யாரோ சொன்னதை அம்மா கேட்டுவிட்டார். “உழுவது நான், பெயர் தம்பிக்கா?” என்று தாத்தாவிடம் கேட்டவர், ஒரு போகம் முழுக்க அவரோடு பேசாமலே சோறு போட்டார். தாத்தா பிடிவாதக்காரர்தான், ஆனாலும் கடைசியில் போய் மகளின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

2009 ஜனவரியில் போரின் நடுவே கல்மடுக் குளக்கட்டு உடைந்து வெள்ளம் பரவிய நாட்களில், சனம் இதே வீதியால் கிழக்கே போனது. அம்மா வண்டியில் முதலில் ஏற்றியது விதைக் கச்சானும் அந்தப் பத்திரமும். விதையை வழியிலேயே வறுத்துத் தின்று தீர்த்தோம். பத்திரம் வவுனியா மெனிக் பாம் அகதி முகாம் வரை போய்த் திரும்பியது.

அம்மா போன பிறகு இப்போதுதான் வருகிறேன். அவர் வாரிசாக எழுதிவைத்தது தங்கையை. மூத்த மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொழும்பில் இருந்துகொண்டு நான் என்ன கிழித்திருப்பேன்? தங்கை தேத்தண்ணீர் தந்தாள், கூலி ஏறிவிட்டதென்று புலம்பினாள், பிறகு சாரத்தை மடித்துக் கட்டச் சொல்லிக் கச்சான் பிடுங்க என்னைத் தோட்டத்தில் இறக்கிவிட்டாள்.