எண் இல்லாத பத்துக் கட்டளைகள்

2025 ஜூன் 22, ஞாயிறு

நேற்று ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டுவிட்டார். செப்டம்பர் 1 முதல் டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் வேதாகமத்தின் பத்துக் கட்டளைகள். தாளின் அளவைக்கூடச் சட்டம் சொல்கிறது: குறைந்தது 16-க்கு 20 அங்குலம். ஆராதனை முடிந்ததும் சபையில் ஒருவரையொருவர் கைகுலுக்கி மகிழ்ந்தார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. ஐந்து வயதில் பாட்டி மடியில் இந்தக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவள் நான்.

ஆகஸ்ட் 20, புதன்

சான் அன்டோனியோவில் நீதிபதி ஃபிரெட் பியெரி 11 பள்ளி மாவட்டங்களில் அந்தத் தாளை மாட்டத் தடை விதித்திருக்கிறார். வழக்குத் தொடுத்தவர்களில் யூதர், இந்து, மதம் சாராதவர்களோடு கிறிஸ்தவர்களும் உண்டு. எங்கள் மாவட்டம் பட்டியலில் இல்லை.

கென்டக்கி மாநிலத்தின் இதே போன்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-லேயே செல்லாதாக்கியது. ஆனால் 2022-இல், மைதானத்தில் ஜெபித்த அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், அந்தத் தீர்ப்பு நின்ற பழைய அளவுகோலையே, சட்டத்துக்கு மதச்சார்பற்ற நோக்கம் உண்டா என்று கேட்கும் அளவுகோலையே, கைவிட்டது. 2024-இல் லூசியானாவும் இப்போது டெக்சாஸும் துணிந்தது அதன் பிறகுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

மகளின் வகுப்பில் தாளை மாட்டிவிட்டார்கள். வேறே தேவர்கள் கூடாது, விக்கிரகம் கூடாது என்கிறது அது. பக்கத்து இருக்கைத் தோழியின் வீட்டில் பிள்ளையார் இருக்கிறார். "அப்படியென்றால் அவள் தினமும் தப்பு செய்கிறாளா அம்மா?" என்று சாப்பிடும்போது கேட்டாள். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

இரவு சட்டத்தின் வாசகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். 'நான் உன் தேவனாகிய கர்த்தர்' என்று இருக்கிறது. 'அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து' மீட்டவர் என்பது இல்லை! விடுதலை செய்தவர் என்பதால்தானே அவருக்குக் கட்டளையிடும் உரிமை? அரசு வேதத்தைக் கையில் எடுத்தால் முதலில் உதிர்வது விடுதலை. இதை எந்த நாத்திகரும் செய்யவில்லை; பக்தியோடு வாக்களித்தவர்கள் செய்தார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சபையில் ஒரு பெரியவர், "தேசம் கர்த்தரிடம் திரும்புகிறது" என்றார். அன்பானவர், என் பிரசவத்தின்போது எங்கள் வீட்டுக்கு உணவு கொண்டுவந்தவர். அவரிடம் டான்பரி ஊரின் பாப்டிஸ்டு சபையாரைப் பற்றிச் சொன்னேன். கனெக்டிகட்டில் அரசு ஆதரவு பெற்ற வேறொரு சபையின்கீழ் அவர்கள் ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்துக்கு 1802-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் அனுப்பிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் இடையிலான 'சுவர்' வருகிறது. அந்தச் சுவரைக் கேட்டவர்கள் விசுவாசிகள் என்றேன். "அது அந்தக் காலம்" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

அலுவலகத் தோழி எதிர்ப்பக்கம். "மதத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். அதுவும் எனக்கு வலித்தது. மார்ட்டின் லூதர் கிங் விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டியிருந்தால் நிறவெறிக்கு எதிரான மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு ஏது? அவர் பிரசங்க மேடையிலிருந்து வீதிக்கு வந்தார். யாருடைய பிள்ளையின் வகுப்பறைக்குள்ளும் சட்டத்தைக் கொண்டு நுழையவில்லை. தாராளவாதிகள் இந்த வேறுபாட்டைக் காண மறுக்கும் ஒவ்வொரு முறையும், எங்கள் சபையில் இன்னும் ஒருவர் அந்தப் பெரியவர் பக்கம் போய்விடுகிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

நீதிபதி ஓர்லாண்டோ கார்சியா இன்னும் 14 மாவட்டங்களில் தாள்களை அகற்றச் சொல்லியிருக்கிறார். இதிலும் நாங்கள் இல்லை.

சட்ட வாசகத்தில் எண்கள் கிடையாது. எண்ணும் வரிசை சபைக்குச் சபை மாறும். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவது எத்தனையாவது கட்டளை என்று மகள் கேட்டாள். ஐந்தாவது என்றேன், அப்பா வழியில், பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. கோயிலில் படித்தது அது. தரங்கம்பாடியிலிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தோம். லுத்தரன் பாட்டி தயங்கவே இல்லை: "நான்காவதடி, கண்ணு."

மகள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.